ஆணி அடிக்காம வீட்டை அழகு பண்ணலாமா? வாசகர் கேள்வி பதில்

வாடகை வீட்டு அலங்காரம் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல ஒரே ஒரு வரி போட்டிருந்தோம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, அரூர், பாலக்கோடுன்னு நம்ம பக்கத்துல இருந்தே கடிதமும் வாட்ஸ்அப்பும் குவிஞ்சிடுச்சு. பாதிக்கு மேல ஓனர் பத்தின புலம்பல்தான், அதுக்கெல்லாம் என்கிட்ட மருந்து இல்ல. மீதில இருந்து சிலதை எடுத்திருக்கேன்.

அக்கா, ஓசூர்ல சிப்காட் பக்கத்துல ஒரு பெட்ரூம் வீட்டுல இருக்கோம். நானும் அவரும் ஷிப்ட் வேலை. குடி வந்த அன்னிக்கே ஓனர் அம்மா "ஒரு ஆணி அடிச்சாலும் அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவேன்"னு சொல்லிட்டாங்க. கல்யாண போட்டோ எல்லாம் இன்னும் அட்டைப்பெட்டிலயே கிடக்கு. வீடு ஆஸ்பத்திரி மாதிரி வெறிச்சுன்னு இருக்கு. என்ன பண்றது?

தங்கச்சி, முதல்ல உங்க சுவத்துல என்ன பெயிண்ட்னு பாருங்க. ஒரு கறுப்புத் துணியை லேசா நனைச்சு கதவுக்குப் பின்னாடி யாருக்கும் தெரியாத மூலைல தேய்ங்க, துணில வெள்ளையா மாவு ஒட்டுச்சுன்னா அது டிஸ்டெம்பர், ஒண்ணும் ஒட்டலைன்னா எமல்ஷன். இது எதுக்குன்னா, இப்ப கடைல ஆன்லைன்ல எல்லாம் கிடைக்குற ஒட்டுற ஹூக்கு, ஒட்டுற பட்டை எல்லாம் எமல்ஷன் சுவத்துலதான் நிக்கும், டிஸ்டெம்பர்ல ஒட்டுனா ராத்திரி ரெண்டு மணிக்கு டமால்னு விழும், விழும்போது பெயிண்டையும் பேத்துக்கிட்டு விழும், அப்புறம் ஆணியே அடிச்சிருக்கலாம்னு தோணும்.

எமல்ஷன்னா தாராளமா ஒட்டுங்க. ஆனா ஒட்டுறதுக்கு முன்னாடி அந்த இடத்தை சோப்புத் தண்ணில துடைக்காதீங்க, மெடிக்கல்ல கிடைக்குற சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சுல தொட்டு துடைச்சு காய விட்டு, பட்டையை அரை நிமிஷம் நல்லா அழுத்திப் பிடிச்சு, ஒரு மணி நேரம் கழிச்சுதான் போட்டோவை மாட்டணும். நம்மாளுங்க ஒட்டுன கையோட மாட்டிடுறாங்க, அப்புறம் சாமான் சரியில்லன்னு கம்ப்ளைண்ட். கழட்டும்போதும் அப்படித்தான், நம்ம பக்கமா வெடுக்குன்னு இழுக்கக்கூடாது, பட்டையோட வாலைப் பிடிச்சு சுவரோட ஒட்டுனாப்பல நேரா கீழ இழுக்கணும், மெதுவா, அது ரப்பர் கணக்கா நீண்டுக்கிட்டே வந்து தானா விட்டுடும். எவ்வளவு கிலோ தாங்கும்னு கவர்லயே போட்டிருப்பான், அதுல பாதிதான் தாங்கும்னு நினைச்சு மாட்டுங்க.

டிஸ்டெம்பர்னா சுவரை விட்டுடுங்க. போட்டோன்னா சுவத்துல தொங்கத்தான் வேணுமா? நம்ம ஊர் வீடுங்கள்ல எல்லாம் சிமெண்ட் ஸ்லாப் போட்ட ஷெல்ப் ஒண்ணு கண்டிப்பா இருக்கும், அதுமேல பெருசு பின்னாடி, சின்னது முன்னாடி, கொஞ்சம் ஒண்ணு மேல ஒண்ணு மறைக்கிற மாதிரி சாய்ச்சு வைங்க, வரிசையா ஆணி அடிச்சு மாட்டுனதை விட இது நல்லாவே இருக்கும். ஏற்கனவே பழைய குடித்தனக்காரங்க அடிச்ச ஆணி ஏதாச்சும் இருக்கான்னும் தேடுங்க, பழைய ஆணில மாட்டுறதுக்கு யாரும் காசு கேக்க முடியாது.

இதைவிட எனக்குப் பிடிச்ச வழி ஒண்ணு இருக்கு. பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பக்கம் பட்டுப்புழு வளக்குறவங்க யாராச்சும் தெரிஞ்சவங்க இருந்தா பழைய சந்திரிகை ஒண்ணு கேட்டு வாங்குங்க. புழு பழுத்ததும் கூடு கட்டுறதுக்காக விடுவாங்களே, மூங்கில் பாய் மேல மூங்கில் பட்டையை சுருள் சுருளா சுத்தி வச்சிருக்குமே, அதுதான். இப்ப நிறைய பேரு பிளாஸ்டிக்குக்கு மாறிட்டதால பழசெல்லாம் மாட்டுக் கொட்டாய்ல சும்மா சாய்ஞ்சு கிடக்குது. சாதாரணமா ஆறடிக்கு நாலடி இருக்கும், ஒரு ஆளு ஒத்தக் கைல தூக்கலாம். அதை ஹால் சுவத்துல அப்படியே நிமித்தி சாய்ச்சு வச்சு, அந்த சுருள் பட்டை இடுக்குல சின்ன கிளிப் போட்டு உங்க கல்யாண போட்டோ, ஊர்த் திருவிழால எடுத்தது, எதை வேணா மாட்டிக்கோங்க. சாயங்காலம் பக்கத்துல ஒரு லைட்டைப் போட்டீங்கன்னா சுருள் எல்லாம் சுவத்துல நிழலா விழும் பாருங்க, ஆயிரக்கணக்குல காசு குடுத்து வாங்குற வால் ஆர்ட் எல்லாம் அதுக்குக் கிட்ட வராது.

ஒரே ஒரு எச்சரிக்கை. புழு மனைல பிளீச்சிங் பவுடர், ஃபார்மலின், சுண்ணாம்பு எல்லாம் அடிப்பாங்க, அதனால வாங்குன உடனே வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. மொட்டை மாடில சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவி ரெண்டு மூணு நாள் நல்ல வெயில்ல போடுங்க. கீழ நைசா மாவு மாதிரி கொட்டுச்சுன்னா பொடிவண்டு இருக்குன்னு அர்த்தம், அந்த சந்திரிகை வேணாம், வேற வாங்குங்க.

அப்புறம் அட்வான்ஸ் விஷயம். தமிழ்நாட்டுல வீட்டுக்காரர் வாடகைக்காரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம்னு 2017-ல கொண்டு வந்து 2019 பிப்ரவரில இருந்து நடைமுறைல இருக்கு. அதுப்படி அக்ரிமென்ட் எழுத்துல இருக்கணும், பதிவும் பண்ணணும், அக்ரிமென்ட்ல வேற மாதிரி ஒத்துக்கலைன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாது. சுவருக்கு வெள்ளை அடிக்கிறது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிக்கிறது எல்லாம் பொதுவா வீட்டுக்காரங்க வேலைன்னு அதுல பட்டியலே போட்டிருக்கு, குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட்டு மாதிரி சில்லறை ரிப்பேர்தான் நம்ம தலைல. நீங்களே பண்ண சேதாரம்னா அது வேற கதை. இதையெல்லாம் சொல்லி ஓனர் அம்மாகிட்ட சண்டைக்குப் போகச் சொல்லல, வீட்டை மொத்தமா போன்ல வீடியோ எடுத்து குடி வந்த தேதியோட அவங்களுக்கே வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சுடுங்கன்னுதான் சொல்றேன். இருந்த கறை எது, நீங்க பண்ண கறை எதுன்னு பின்னாடி பேச்சு வராது.

மேடம், தர்மபுரில மொட்டை மாடி ரூம்ல தனியா இருக்கேன், வயசு 26. ரூம் நல்லா இருக்கணும்னு ஆசை, ஆனா எதைப் பண்ணாலும் "என்னடா பொண்ணு ரூம் மாதிரி"ன்னு பசங்க கிண்டல் பண்றானுங்க. வெயில் வேற தாங்கல. எங்கருந்து ஆரம்பிக்கிறது?

தம்பி, கிண்டல் பண்ற பசங்கதான் ஞாயித்துக்கிழமை ஆனா உங்க ரூம்ல வந்து படுத்துக் கிடப்பானுங்க, கண்டுக்காதீங்க.

லைட்ல இருந்து ஆரம்பிங்க. உங்க ரூம்ல இப்ப ஒரே ஒரு வெள்ளை டியூப்லைட் இருக்கும், பாக்காமலே சொல்றேன், நம்ம ஊர்ல மாடி ரூம் வாடகைக்கு விடுறவங்க எல்லாம் அதைத்தான் போட்டிருக்காங்க. அது 6500 கெல்வின், ஆபீஸ் வெளிச்சம், அதுல எந்த ரூமும் அழகா தெரியாது, நம்ம மூஞ்சியே நல்லா தெரியாது. பல்பு அட்டைல பாருங்க, வார்ம் ஒயிட், 2700-ல இருந்து 3000 கெல்வின்னு போட்டிருக்கும், 9 வாட்ஸ்ல ஒண்ணு வாங்கி ஒரு மேசை விளக்குல போட்டு கட்டிலுக்குப் பக்கத்துல மூலைல வைங்க. வெளிச்சம் மேல இருந்து தலைல கொட்டக்கூடாது, பக்கவாட்டுல சுவத்துல பட்டு திரும்பி வரணும், அவ்வளவுதான் சூட்சுமம். தினம் அஞ்சு மணி நேரம் எரிஞ்சாலும் மாசத்துக்கு ஒண்ணரை யூனிட்டைத் தாண்டாது. துணி அயர்ன் பண்ண, சவரம் பண்ண டியூப்லைட் இருந்துட்டுப் போகட்டும்.

வெயிலுக்கு, மேக்கால ஜன்னல் இருந்தா ஸ்கிரீனை உள்பக்கம் போடுறதை விட மூங்கில் தட்டியை வெளிப்பக்கம் கட்டுங்க. கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்துட்ட சூட்டை ஸ்கிரீன் பெருசா ஒண்ணும் பண்ணாது, வெளியவே மறிச்சாதான் நல்ல பிரயோஜனம். ஜன்னல் கம்பில கயிறு போட்டுக் கட்டுனா போதும், ஆணியே வேணாம். ஓனர் சம்மதிச்சா மார்ச் மாசத்துக்கு முன்னாடி உங்க ரூமுக்கு மேல இருக்குற தளத்துல, சுண்ணாம்புல கொஞ்சம் ஃபெவிகால் கலந்து ரெண்டு கோட் வெள்ளை அடிங்க, வெள்ளை வெயிலைத் திருப்பி விட்டுடும், ரூம் சூடு குறையுறது உங்களுக்கே தெரியும். பெரும்பாலும் ஓனர் வேணாம்னு சொல்ல மாட்டார், அவர் மாடிதான நல்லா இருக்கப்போகுது.

அப்புறம் பவானி ஜமுக்காளம் ஒண்ணு. தடித் தடியா கோடு போட்டு சிவப்பும் பச்சையும் நீலமுமா வருமே. நம்ம வீட்டுக் கல்யாணத்துல பந்திக்கு முன்னாடி விரிக்கிறதாலேயே அதை யாரும் அலங்காரப் பொருளா நினைக்கிறதில்ல. கட்டிலுக்குக் கீழ பாதி, வெளிய பாதி வர்ற மாதிரி விரிச்சுப் போடுங்க. பசங்க வந்தா உக்காரவும் ஆச்சு, எந்தப் பையனும் இதைப் பொண்ணு ரூம்னு சொல்ல மாட்டான்.

எங்க மாமியார் ஊர்ல இருந்து வரும்போது எவர்சில்வர் பாத்திரமெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டு வந்துட்டாங்க. தூக்கு, அண்டா, குடம், டிபன் கேரியர். எனக்கு மினிமல் லுக்தான் பிடிக்கும், வெள்ளை, பெய்ஜ் கலர்ல. வீடோ ரெண்டு ரூம். அவங்க மனசு நோகாம எப்படி எடுத்து வைக்கிறது? (கிருஷ்ணகிரி)

எடுத்து வைக்காதீங்களேன்.

கோவிச்சுக்காதீங்கம்மா, இதுல நான் உங்க அத்தை கட்சி. அந்த பெய்ஜ் சோபா, பெய்ஜ் ஸ்கிரீன், ஒரு காஞ்ச புல்லு ஒரு ஜாடில, இதை ஓசூர்ல பாத்தாலும் ஒண்ணுதான் ஓமன்ல பாத்தாலும் ஒண்ணுதான். யார் வீடுன்னே தெரியாது. தூக்குல உங்க அத்தை பேரோ அவங்க அம்மா பேரோ புள்ளி புள்ளியா வெட்டியிருக்குமே, தேதியோட இருக்கும் சிலதுல, அப்படி ஒண்ணை எந்தக் கடைல போய் வாங்குவீங்க?

ஆனா உங்க கஷ்டமும் புரியுது, எல்லாத்தையும் வெளிய வச்சா பாத்திரக் கடைதான். அதனால பங்கு போடுங்க. அண்டாவும் பெரிய குடமும் பரணுக்கு, அரிசி பருப்பு கொட்டி வச்சா இன்னும் நல்லது. அளவு அளவா இருக்குற தூக்குங்களை மட்டும் கிச்சன் ஷெல்ப்ல ஒரே தட்டுல பெருசுல இருந்து சின்னது வரைக்கும் வரிசையா வைங்க, அந்தத் தட்டுல வேற ஒரு சாமானும் கூடாது, ஒரு பிளாஸ்டிக் டப்பா கூட. பின்னாடி சுவர் வெள்ளையா இருந்தா எவர்சில்வர் எடுப்பா நிக்கும், அதுவே உங்க மினிமல். பித்தளைச் செம்பு ஒண்ணு இருந்தா புளி போட்டு விளக்கி வாசல் பக்கம் வைங்க, நல்ல நாள்ல பூ சொருகலாம். வரிசையை உங்க அத்தையவே அடுக்கச் சொல்லுங்க. நாம அடுக்குனா அவங்க மறுபடி ஒருதடவை அடுக்குவாங்க, எப்படியும்.

பாட்டியோட சுங்குடி, காட்டன் சேலை நாலு இருக்கு. கட்ட மாட்டேன், தூக்கிப் போடவும் மனசு வரல. ஸ்கிரீன் தைக்கலாமா? டைலர் அக்கா பத்தாதுன்னு சொல்றாங்க. (அரூர்)

தாராளமா பத்தும், கணக்கு போட்டுக் காட்டுங்க அவங்களுக்கு. சேலை சாதாரணமா அஞ்சரை மீட்டர், அதாவது பதினெட்டு அடி. நடுவுல வெட்டுனா ஒம்பது ஒம்பது அடியா ரெண்டு துண்டு. வாசல் ஸ்கிரீன் ஏழடி, மேல கீழ மடிச்சுத் தைக்க அரை அடி, ஆக ஏழரை போக ஒவ்வொண்ணுலயும் ஒண்ணரை அடி மிச்சம். அகலம் எப்படியும் 44 இஞ்சுக்குக் குறையாது, அந்த மிச்சத்துல ஒரு துண்டுக்கு ஒரு பதினாறு இஞ்சு குஷன் கவர் வந்துடும். ஒரு சேலைல ரெண்டு ஸ்கிரீன், ரெண்டு குஷன் கவர். முந்தானை எந்தப் பக்கம் வருதோ அதை ஸ்கிரீனோட கீழ்ப் பக்கமா விடச் சொல்லுங்க, மேல போனா சுருக்கத்துல மறைஞ்சு போயிடும்.

பழைய காட்டன் வெயில் பட்டா கிழியும், அதுதான் ஒரே பிரச்சினை. வெயில் அடிக்கிற ஜன்னலுக்குப் போடாதீங்க, ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவுல இருக்குற வாசலுக்குப் போடுங்க. ஜன்னலுக்குத்தான் வேணும்னா பின்னாடி லைனிங் கொடுக்கணும். பர்கூர் பக்கம் போனா துணிக்கடைங்க வரிசையா இருக்கே, அங்க சாதா வெள்ளை காட்டன் மீட்டர் கணக்குல பேசி வாங்கிட்டு வாங்க. ஒண்ணு முக்கியம், லைனிங் துணியை ஒருதடவை தண்ணில நனைச்சு காய வச்ச அப்புறம்தான் தைக்கணும், இல்லன்னா முதல் துவைப்புல அது சுருங்கும், சேலை சுருங்காது, ஸ்கிரீன் மொத்தமும் கோணிக்கிட்டு நிக்கும்.

கம்பி மாட்ட ஆணி அடிக்க முடியாதுன்னா டென்ஷன் ராடுன்னு கேளுங்க, உள்ள ஸ்பிரிங் இருக்கும், திருகித் திருகி நிலைக்கு நடுவுல இறுக்கி நிறுத்திடலாம். சேலை கனத்துக்கு அது தாராளம். நாலையும் தைச்சுடாதீங்க, ஒண்ணை அப்படியே வச்சுக்கோங்க.

பால்கனி கிடையாது, ஜன்னல் கிரில் மட்டும்தான். ஸ்பைடர் பிளாண்ட், லக்கி பேம்பூ எல்லாம் வாங்கி வச்சேன், எல்லாத்துக்கும் இலை நுனி காஞ்சு பழுப்பாயிடுது. தண்ணி தினமும் ஊத்துறேன். போர் தண்ணிதான். ரோஜாவும் வைக்கணும்னு ஆசை. (தர்மபுரி)

கேள்விக்குள்ளயே பதிலை எழுதிட்டீங்க, போர் தண்ணி. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் நிலத்தடித் தண்ணில ஃப்ளோரைடு அதிகம், பல்லுல பழுப்புக் கறை பிடிச்ச பெரியவங்களை ஊர்ப்பக்கம் எல்லாரும் பாத்திருப்போம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை ஜப்பான் கடன் உதவி வாங்கிக் கொண்டு வந்ததே அந்த ஃப்ளோரோசிஸ் பிரச்சினைக்காகத்தான், 2013-ல தண்ணி விட்டாங்க. மனுஷனுக்குப் பல்லுல காட்டுறது செடிக்கு இலை நுனில காட்டும். அதுலயும் நீங்க வாங்கின ரெண்டும், ஸ்பைடர் பிளாண்ட்டும் லக்கி பேம்பூவும், ஃப்ளோரைடு ஆகவே ஆகாத செடிங்க, போயும் போயும் அதையே தேடிப் பிடிச்சிருக்கீங்க. லக்கி பேம்பூ மூங்கிலே கிடையாது, டிரசீனா வகை, அந்தக் குடும்பத்துக்கே இந்தத் தொந்தரவு.

ஒகேனக்கல் தண்ணி குழாய்ல வந்தா ஒரு பாட்டில் பிடிச்சு வச்சு அதை ஊத்துங்க, மழைத் தண்ணின்னா இன்னும் நல்லது. ஆர்ஓ மெஷின்ல இருந்து வேஸ்ட்டா வெளிய வர்ற தண்ணி வீணாப் போகுதேன்னு சிலர் செடிக்கு ஊத்துறாங்க, அது இன்னும் மோசம், இருக்குற உப்பெல்லாம் அதுலதான் சேந்து வருது, அதை வீடு துடைக்க வச்சுக்கோங்க. தினமும் ஊத்துறதையும் நிறுத்துங்க. விரலை மண்ணுல ஒரு இஞ்சு விட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா அன்னிக்கு லீவு.

உங்க கிரில்லுக்கு மணி பிளாண்ட் போதும். கேவலமா நினைக்காதீங்க, கம்பில ஏத்தி விட்டா ஒரு வருஷத்துல ஜன்னலையே பச்சையா மூடிடும், போர் தண்ணிக்கும் அவ்வளவா அசராது. ரோஜா வேணாம். அஞ்சாறு மணி நேரம் நேரடி வெயில் இல்லாம அது மொட்டே விடாது. ஓசூர்ல நல்லா வருதேன்னு கேப்பீங்க, அது மேட்டு நிலம், ராத்திரி குளிரு, அதுவும் பெரும்பாலும் பசுமைக் குடில்ல வளக்குறாங்க, தர்மபுரி ஜன்னல்ல ஏப்ரல் மாசம் அது வதங்கிடும். ரோஜா பாக்கணும்னா மார்க்கெட்ல ஒரு கட்டு வாங்கி சொம்புல வைங்க, வாரம் ஒரு கலர்.

கிரானைட் துண்டை மேல போட்டு டேபிள் பண்ணலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். வாடகை வீட்டுக்கு அது சரிவருமா? (கிருஷ்ணகிரி)

உங்க வீட்டுக்காரர் விவரமானவர். ஊரைச் சுத்தி பாலிஷ் பட்டறைங்க இருக்கு, சமையல் மேடைக்கு அறுத்த மிச்சத் துண்டுங்களை ஓரமா அடுக்கி வச்சிருப்பாங்க, முழு ஸ்லாப் வாங்க வந்தவங்க திரும்பிக்கூட பாக்காத சாமான் அது. பாரடைசோன்னு ஊதாவும் பழுப்புமா அலை அலையா ஓடுற கல்லு நம்ம மாவட்டத்துலயே வெட்டுறாங்க, கறுப்பை விட அது வீட்டுக்குள்ள நல்லா இருக்கும். விளிம்பை மழுங்கடிச்சு வாங்குங்க, சின்னப் பிள்ளைங்க இருந்தா நாலு மூலையையும் வட்டமா வெட்டச் சொல்லுங்க.

கனம்தான் யோசிக்கணும். ரெண்டடிக்கு ஒண்ணரை அடி, 18 மில்லிமீட்டர் துண்டு பதினாலு பதினஞ்சு கிலோ வரும். வெல்டிங் பட்டறைல இரும்புச் சட்டம் பண்ணி அதுமேல கல்லைச் சும்மா உக்கார வைங்க, ஒட்டாதீங்க, கல்லுக்கும் இரும்புக்கும் நடுவுல நாலு ரப்பர் பொட்டு போதும். வீடு காலி பண்ணும்போது கல்லைத் தனியா சட்டத்தைத் தனியா தூக்கிக்கலாம். சட்டத்தோட காலுக்கும் ரப்பர் புஷ் போடச் சொல்லுங்க, ஓனர் டைல்ஸ்ல கீறல் விழுந்தா டேபிள் லாபமெல்லாம் அதுலயே போயிடும். இதைவிடப் பெரிய சைஸ் வேணாம், மூணாவது மாடிக்கு ஏத்துறவங்க உங்களைத்தான் திட்டுவாங்க.

இதே கல்லுல ஒரு சின்னத் துண்டு பூஜை இடத்துக்கும் வாங்குங்க. தனிப் பூஜை ரூம் இல்லாம ஷெல்ப்ல சாமி வச்சிருக்கோம், விளக்குப் புகை சுவத்துல கறுப்பா ஏறுதுன்னு இன்னும் மூணு பேரு எழுதியிருக்காங்க, அவங்களுக்கும் சேத்து சொல்லிடுறேன். விளக்குக்குப் பின்னாடி ஒரு கல்லோ பழைய டைல்ஸோ நிமித்தி வச்சா கரி அதுல படியும், துடைச்சா போயிடும். அடில ஒரு தட்டு, எண்ணெய் வழியுறது அதோட நின்னுடும். சாமி எந்தத் திசைல இருக்கணும்னு என்னைக் கேக்காதீங்க, அதுக்கு வேற பக்கத்துல வேற ஆள் இருக்கார்.

கிச்சன் டைல்ஸ் பழைய ரோஸ் கலர், திராட்சைக் கொத்து படம் வேற. ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கலாமா? (ஓசூர்)

சிங்க் பக்கம் ஒட்டுங்க, அடுப்புப் பக்கம் வேணாம். சூடும் எண்ணெயும் பட்டா ஓரம் சுருண்டு, அதுக்குள்ள பிசுக்கு போய், அப்புறம் கரப்பான். எடுக்கும்போது ஹேர் டிரையர்ல சூடு காட்டி எடுங்க, பசை மிச்சம் இருந்தா தேங்கா எண்ணெய் தடவி ஊற விட்டுத் துடைங்க. என்னைக் கேட்டா அந்தத் திராட்சையை விட்டுடுவேன். இப்ப அந்த மாதிரி டைல்ஸ் தேடுனாலும் கிடைக்காது.

வாடகை வீட்டுக்கு எதுக்கும்மா செலவு, சொந்த வீடு கட்டும்போது பாத்துக்கலாமேன்னு எங்க அப்பா திட்டுறார். அவருக்கு என்ன சொல்றது? (காவேரிப்பட்டணம்)

செலவுப் பட்டியலை ரெண்டா பிரிச்சுக் காட்டுங்க. காலி பண்ணும்போது வண்டில ஏத்திட்டுப் போறது ஒரு பக்கம், ஓனருக்கு விட்டுட்டுப் போறது ஒரு பக்கம். விளக்கு, ஜமுக்காளம், ஸ்கிரீன், செடி, டேபிள் எல்லாம் முதல் பக்கம். பெயிண்ட், வால்பேப்பர், ஃபால்ஸ் சீலிங், அடிச்சு மாட்டுற கப்போர்டு எல்லாம் ரெண்டாவது. ரெண்டாவது பக்கத்துல ஒரு ரூபா கூட இருக்கக்கூடாது, அந்த விஷயத்துல நான் உங்க அப்பா கட்சிதான். முதல் பக்கத்துல இருக்குறது சொந்த வீட்டுக்கும் அப்படியே வரும்னு சொல்லுங்க. அப்பவும் திட்டுனா, அவர் கல்யாணம் ஆன புதுசுல குடியிருந்த வீட்டுல என்னென்ன இருந்துச்சுன்னு கேளுங்க, அரை மணி நேரம் பேசுவார், திட்டுறதை மறந்துடுவார்.

ஓசூர் குளிருக்கு பீரோவுக்குப் பின்னாடி சுவரெல்லாம் பூசணம் பிடிக்குது. அலங்காரமா பண்ணதெல்லாம் வேஸ்ட்.

பீரோ வெளிச்சுவரை ஒட்டி நிக்குதா? மூணு இஞ்சு முன்னாடி நகத்துங்க, காத்துப் போகட்டும். முடிஞ்சா உள்சுவருக்கு மாத்துங்க. ரூமுக்குள்ள துணி காயப்போடுறதை நிறுத்துங்க, மழைக்காலத்துல பூசணத்துக்குப் பாதி ஈரம் அங்கருந்துதான் வருது. பூசணத்தைக் காஞ்ச துணில தட்டாதீங்க, பறந்து மத்த சுவத்துக்கும் போகும், ஈரத் துணில ஒத்தி எடுத்து ஜன்னலைத் திறந்து வைங்க. மேல ஓனர் மாடில கசிவு இருந்து சுவரு ஊறுதுன்னா அது அவங்க செலவு, போட்டோ எடுத்து அனுப்புங்க.

போட்டோ ஃபிரேமுக்குப் பின்னாடி பல்லி குடும்பமே நடத்துது. என் மனைவி ஃபிரேமையே தூக்கி எறியச் சொல்றாங்க. (பென்னாகரம்)

சார், ஃபிரேமோட நாலு மூலைலயும் பின்பக்கம் தடியா ஃபோம் துண்டு ஒட்டுங்க, சுவத்துல இருந்து ஒரு இஞ்சு தள்ளி நிக்கட்டும். இருட்டா இடுக்கா இருந்தாதான் பல்லிக்குப் பிடிக்கும், வெளிச்சமும் காத்தும் போனா காலி பண்ணிடும். அட்வான்ஸ் எல்லாம் கேக்காது.